கீழே பிடித்த ஸ்வரம்

என் மச்சினன் திருடன் என்று நிரூபிக்க எனக்கு ஏழு சிவப்பு ஸ்டிக்கர்கள் போதுமாக இருந்தன. அவன் புதிதாகப் போட்ட மெட்டைப் போனில் ஓடவிட்டு, கேட்கிற ஒவ்வொரு ஸ்வரத்தையும் கீபோர்டில் தேடிப்பிடித்து, அந்தக் கட்டையில் ஒன்று ஒட்டினேன். ஏழும் வெள்ளைக் கட்டைகள். என் மெட்டும் அதே ஏழுதான். பன்னிரண்டு வருடமாக எங்கள் குழு எல்லா மேடையிலும் கடைசியாக வாசிப்பது அது. எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறதென்றால் அதனால்தான்.

சில வாரங்களாகவே அவன் போக்கு சரியில்லை. போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறான். ஒத்திகை முடிந்த பிறகும் பேஸ் கிதாரை மடியில் வைத்து ஏதோ நோண்டுகிறான், நான் திரும்பினால் நிறுத்திவிடுகிறான். ஐந்து மணிக்கு, கீபோர்டின் மறுமுனையைத் தூக்க வழக்கம்போல வருவான். இனி குழுவில் உனக்கு இடமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவதாக இருந்தேன்.

“உன் தம்பி லட்சணத்தப் பாத்தியா?” என்றேன் மனைவியிடம். துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்து ஸ்டிக்கர்களை எண்ணினாள்.

“நீங்க வாசிக்கிற எல்லாப் பாட்டுமே இந்த ஏழுதானே? கறுப்புக் கட்டையில தூசி படிஞ்சு கெடக்கு. அப்ப நீங்க எத்தன பேர்கிட்ட திருடியிருக்கீங்க?”

சுருக்கென்றது. பாடுகிறவரின் சுருதி மாறினால் நான் ஒரு பொத்தானை அழுத்திக்கொள்வேனே தவிர, வெள்ளைக் கட்டைகளை விட்டு நகர மாட்டேன்.

“அதோட, அவனோடது அழுமூஞ்சியா இருக்கு. உங்களோடது குதிக்குது. எப்படி ஒண்ணாகும்?”

அவள் வாயை அடைக்கவே அவன் மெட்டை மறுபடி வாசித்தேன். எங்கே சுற்றினாலும் அது ‘த’வில் வந்து உட்கார்ந்தது. என்னுடையது ‘ச’வில்தான் உட்காரும். தெருவும் வீடுகளும் ஒன்றுதான், அவன் குடியிருக்கும் வீடு வேறு. அவன் எதையும் எடுக்கவில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் மெட்டுக்குக் கீழே ‘த’வைப் பிடித்தால் அது அவன் மெட்டாகவே மாறி அவன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தோன்றியது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் என் மெட்டை நிதானமாக வாசித்தேன். ஒரு ஸ்வரத்தையும் மாற்றவில்லை. ஆனால் குதிப்பெல்லாம் அடங்கிப்போனது. வந்தது அவனுடைய புது மெட்டும் இல்லை.

மடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. “இத ஏன் இப்ப வாசிக்கிறீங்க?”

“எத?”

“அப்பா ஐசியூல இருந்தப்ப வராண்டாவுல தம்பி முனகிட்டே இருப்பானே, இதத்தான். நீங்க பக்கத்துல பெஞ்சுல தூங்கிட்டிருந்தீங்க.”

அரைத் தூக்கம்தான் அது. அடுத்த மாதம் எனக்கு அந்த மெட்டு ‘வந்தது’. குளிக்கும்போது வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் ஒத்திகையில் அவனிடம், “கீழ ‘ச’ மட்டும் பிடிச்சுக்கோ, போதும்” என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு பிடித்தான். பன்னிரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் சும்மா இருந்தானா? அவமானத்தில் காது சுட்டது. அப்போதும் சந்தேகம் மட்டும் என்னை விட்டபாடில்லை; அவனைச் சோதித்துவிட, ‘த’வை மறுபடி அழுத்திப் பிடித்தேன்.

கதவு திறந்தது. “கெளம்பலாமா மாமா?” என்றபடி வந்தவன் குனிந்து கீபோர்டின் மறுமுனையைப் பிடித்தான். “இதென்ன, பொட்டு வச்சிருக்கீங்க?”

அறை முழுக்க ‘த’ ஒலித்துக்கொண்டிருந்தது. அவன் பார்வை சிவப்புப் பொட்டுகளின் மேல் ஒவ்வொன்றாக ஊர்ந்து, என் இடது கை விரலில் வந்து நின்றது. நான் விரலை எடுக்கவில்லை. அவனும் தூக்கவில்லை.