பெட்டிக்கு மட்டும் படகு

வெயில் ஏறுவதற்குள் நாற்பது பெட்டி ஏற்றியாக வேண்டும். ஐஸும் மீனுமாக நிறைந்த பெட்டியை இரண்டு பேர் தூக்கிவிட, மூன்றாமவள் சும்மாட்டைச் சரிசெய்து தலையில் வாங்கிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கிப் படகுவரை நடப்பாள். ஐஸ் உருகிப் பிடரி வழியாக இறங்கி முதுகெல்லாம் ஓடும். நாலு நடைக்குப் பிறகு கழுத்து தன்னுடையதுதானா என்பதே மறந்துபோகும்.

மீன் ஷெட்டில் எல்லோரும் அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டவள் அவளுடைய நாத்தனார். பத்து வருஷமாக இருவரும் ஒரே பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கியவர்கள். ஒன்பது நாளைக்கு முன்னால், ஆளும் பெட்டியுமாக அக்கரைக்குப் போன முதலாளியின் ஓடம் ஆற்று முகத்துவாரத்தின் நடுவே கவிழ்ந்தது. அண்ணியும் மற்றவர்களும் எப்படியோ ஓடத்தைப் பற்றிக்கொண்டார்கள். நாத்தனார் பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டாள்.

உடலைக் கரையில் கிடத்தியபோது அண்ணி கேட்ட முதல் கேள்வி, "அவ கூடை கெடச்சுதா?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அழவும் இல்லை. கொடுத்தால் சாப்பிட்டாள், படுத்தால் தூங்கினாள், ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று ஊர் பேசியது. அது அவள் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி, கடை, ஆபீஸ் எல்லாமே அக்கரையில்தான். கவிழ்ந்த ஓடத்துக்குப் பதிலாக மறுநாளே ஓர் இன்ஜின் படகு வந்து நின்றது. பெட்டிக்கு மட்டும். "ஆளுங்களுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றுவிட்டார் முதலாளி.

அன்று காலை பாதிப் பெட்டிகள் ஏறியிருந்தபோது அவரே சேற்றோரம் வந்து நின்றார். கையில் ஒரு தாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ்ல ஓடம் கவுந்ததுக்கு விசாரணை. நான் போய்க் குடுத்துடறேன்."

"என்ன எழுதியிருக்கு?"

"ஓடக்காரன் குடிச்சிருந்தான்னு. செத்தவளோட அண்ணி நீ. நீ போட்டா மத்தவங்க தானா போடுவாங்க. நாளையிலேருந்து நீ பெட்டி தூக்க வேணாம், தராசுகிட்ட உக்காந்துக்கோ."

உட்கார்ந்து செய்யும் வேலை. அவளுடைய கழுத்தெலும்பு அந்தச் சொல்லைக் கேட்டது.

சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் அருகே ஓடக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாளாக அங்கேதான். யாரும் அவரோடு பேசுவதில்லை, அவளும் பேசியதில்லை. முதலாளி தார் பூசி மறைத்திருந்த அடிப்பலகை விரிசல், காலை வெளிச்சத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"அவரு குடிக்கல" என்றாள்.

"ஊதச் சொல்லிப் பாத்தியா?"

"பக்கத்துல நின்னேன். போதும், தாங்காது, இன்னும் ஏத்தாதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு."

"சொன்னா?"

"உங்கப்பன் வீட்டு ஓடமாடா, ஏத்துன்னு கரையில நின்னு நீங்க கத்தினீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கடையில் சாமான் பெயர் சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலோ என்னவோ, சுற்றி நின்றவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

முதலாளி சிரித்தார். "அப்படியா? அதைப் போய் ஆபீஸ்லயே சொல்லேன். எப்படிப் போவே? ஊர் வள்ளமெல்லாம் கடல்ல இருக்கு. மத்தியானம்தான் வரும்."

சுற்றி நின்றவர்களில் வாயாடி என்று பேரெடுத்தவள் தன் தலைப்பெட்டியைத் தொப்பென்று சேற்றில் இறக்கினாள்.

"ஒம்பது நாளா வாயத் தெறக்காம இருக்கேன். எனக்கு உடம்புக்கு என்னன்னு எம் புருஷனே பயந்துபோய்க் கேக்கறாரு. இனிமே முடியாது. அவரு சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு."

"எங்காதுலயும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு பெட்டி இறங்கியது. அப்புறம் இன்னொன்று.

"மீன் நாறிப்போகும்டி!"

"நாறட்டும் மொதலாளி. ஒம்பது நாளா இங்க நாறிக்கிட்டுதான் இருக்கு."

அண்ணி ஓடக்காரரிடம் போனாள். "அண்ணே, தண்ணி இப்ப எவ்வளவு இருக்கும்?"

அவர் நிமிரவில்லை. "வத்துற நேரம். தடம் தெரிஞ்சு நடந்தா நெஞ்சளவு. தெரியாம நடந்தா ஆளு முழுகிடும்."

"உங்களுக்குத் தடம் தெரியுமில்ல?"

"என்னை நம்பி மறுபடியும் தண்ணியில எறங்குவியா தங்கச்சி?"

அண்ணி கீழே கிடந்த மூங்கில் கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எந்திரிங்க. பத்து மணிக்கு விசாரணை."

பதினான்கு பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நீர் வற்ற வற்ற, பாதிச் சுமையோடு நின்ற இன்ஜின் படகு மணலில் குந்திவிட்டது. "தள்ளுங்கடி! வந்து தள்ளிட்டுப் போங்கடி!" யாரும் திரும்பவில்லை. முதலாளி போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். நாளைக்கு வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆபீஸில் காது கொடுத்துக் கேட்பார்களா என்பது யாருக்கும் தெரியாது.

கழியால் தடம் பார்த்தபடி ஓடக்காரர் முன்னே போனார். "இங்க பள்ளம். இடது பக்கமா வாங்க."

ஓடம் கவிழ்ந்த இடம் வந்தது. அடையாளம் எதுவும் இல்லை. மற்றத் தண்ணீரைப் போலத்தான் அதுவும் இருந்தது. அண்ணிக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆனால் தன் கைக்குள் இருந்த வாயாடியின் கை பின்னுக்கு இழுத்தது. விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

"கடைசி ஆளு கையப் புடிச்சிருக்காளா?" என்று முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

கேள்வி ஒவ்வொரு வாயாகப் பின்னால் போயிற்று. பதிலும் அப்படியே திரும்பி வந்தது.

"புடிச்சிருக்கா அண்ணி. நட."

அக்கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. நெஞ்சளவு தண்ணீரில், அடுத்த அடியைத் தேடி ஓடக்காரர் கழியை ஊன்றினார்.