புளி போட்டுத் தேய்த்த செம்பு

சவப்பெட்டியில் கிடத்திய அப்பாவின் கையில் வைக்க வெள்ளைக் கைக்குட்டை கேட்டார்கள். ஜெஸ்லின் தன் பயணப் பையைக் கட்டிலில் கவிழ்த்துத் தேடினாள். சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று விழுந்து திறந்துகொண்டது. உள்ளே செம்புத் துண்டு பளபளவென்று மின்னியது.

மின்னக் கூடாத செம்பு அது. திரும்பத் திரும்ப அழுத்தி, உள்ளிருக்கும் படிகங்களைப் பொடிப்பொடியாக்கி வலுவேற்றியது. பிறகு இரண்டு முனையையும் எந்திரத்தில் பூட்டி, இழுத்தும் அமுக்கியும் களைக்க வைத்தார்கள். களைக்கும்போது அந்தப் பொடிப் படிகங்கள் மறுபடி பெரிதாகும். ஒடுங்கிய நடுப்பகுதியின் மேற்பரப்பில் மெல்லிய வரிகள் விழும். முன்பு செய்த துண்டுகளெல்லாம் பாதியிலேயே முறிந்துபோயின. தாக்குப்பிடித்தது இது ஒன்றுதான். அவள் ஆராய்ச்சியே இதை நம்பித்தான் நின்றது. வரிகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடிக்கப் பெங்களூருக்குக் கிளம்பிய அன்றுதான் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. அதே பையோடு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டாள்.

“அம்மா, இத யாரும்மா தொட்டா?”

அம்மா வீங்கிய கண்ணோடு பார்த்தாள். “அப்பாதாம்ட்டி. நேத்து காலைல கொஞ்சம் தெம்பா இருந்தாவல்லா? ஒன் பையில சார்ஜர் தேடும்போது கண்ணுல பட்டுட்டு. ‘இவ்வளவு படிச்ச பிள்ளை களிம்பேறுன சாமானையா தூக்கிட்டு அலையுதா’ன்னு, புளியும் செங்கப்பொடியும் வாங்கி வச்சு ஒரே தேய்ப்பு. நான் வேண்டாம்னேன். கேட்டாவளா?”

கேட்டிருக்க மாட்டார். பேருந்து நிலையம் பக்கம் பாத்திரக் கடை வைத்திருந்த ஜெயசிங்குக்கு, கடையில் ஒரு குடம் மங்கி நின்றாலும் சோறு இறங்காது. ஜெஸ்லினுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பெட்டிக்குள் கிடக்கிறவர் மேல் போய்க் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

கைக்குட்டையை அண்ணன் சாம்ராஜிடம் கொடுத்துவிட்டு, புறவாசலில் நின்று ஆஷிக் அலியைப் போனில் கூப்பிட்டாள். அவளோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்கிற கடையநல்லூர்க்காரன்.

“அப்பா தேச்சுட்டாவ ஆஷிக். ஒரு வரிகூட மிச்சமில்ல.”

“நீ மொதல்ல அழு. செம்பு எங்கயும் ஓடிப் போவாது,” என்றான். பிறகு, “மேல போனா போவட்டும். உள்ள பெருத்த படிகத்தப் புளி என்ன செய்யும்? நடுவுல வெட்டிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போவுது.”

அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். நேற்று சாயங்காலம் அப்பா போனதிலிருந்து புத்தி வேலை செய்யவில்லை.

“வெட்டவா? அவுக கடைசியா செஞ்ச வேலைலா இது.”

போனை வைத்தாள். உள்ளே சபையார் ஞானப்பாட்டு பாடத் தொடங்கியிருந்தார்கள்.

துண்டை வெயிலுக்கு நேரே பிடித்தாள். நன்றாகத்தான் தேய்த்திருக்கிறார், மூலை முடுக்கு விடாமல். அகலமான ஒரு முனையில் மட்டும் கறுப்பாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். சுழி சுழியாக ரேகை. ஈரம் காயுமுன் இப்படித்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருப்பார். விடிவதற்குள் அப்பாவின் பெருவிரல் ரேகை கறுத்துச் செம்பில் ஏறிவிட்டது.

எந்திரம் கவ்வுகிற முனை அது. அதை யாரும் வெட்டுவதில்லை.

“ஏட்டி, பெட்டிய மூடப் போறாவ. வா,” என்றாள் அம்மா.

“வாரேம்மா.”

ஆஷிக்குக்கு ஒரு வரி அனுப்பினாள்: “நடுவுல மட்டும் வெட்டுவோம்.” பிறகு மற்ற முனையைப் பிடித்துத் துண்டை டப்பாவில் வைத்து, ரேகை உரசாதபடி பஞ்சு சுற்றி மூடினாள்.