இரண்டு தட்டு தட்டினால் திறக்கணும்

என் அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்பிள்ளை, கடைக் கம்ப்யூட்டர்ல சின்னதா ஒரு படம் இருக்கணும். அதை ரெண்டு தட்டு தட்டினா உங்க புரோகிராம் திறக்கணும். அவ்வளவுதான்." இவ்வளவுதானா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு லாண்டரி. கீழே கடை, மாடியில் வீடு. கல்லாவில் நிற்பது நான். துணி வாங்குவது, காலரில் நம்பர் துண்டு குத்துவது, வெளுத்து வந்ததை ஹேங்கரில் மாட்டுவது, காணோம் என்று வந்து நிற்கிறவர்களின் துணியைத் தேடுவது, தொலைத்தது நாங்கள்தான் என்று தெரிந்தால் பல்லை இளிப்பது, எல்லாம் என் தலையில். என் வீட்டுக்காரர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை இழுத்து மூடிய பிறகு நாங்கள் மாடிக்குக் குடிவந்தோம். மனுஷன் சும்மா உட்காரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வீடியோ பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். எங்கள் கடைக்கென்றே ஒன்று எழுதினார். வாடிக்கையாளர் பெயரை அடித்தால் போதும், அவர் துணி எந்தக் கம்பியில் தொங்குகிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் வந்து நிற்கும். மாடியில், அவருடைய கம்ப்யூட்டரில், ஜோராக ஓடியது. துணிகள் கீழே இருந்ததுதான் கஷ்டம்.

அப்பா கெடு வைத்துவிட்டார். லாண்டரி சங்கத் தலைவர் கடைக்கு வருகிற அன்று அது கீழே ஓட வேண்டும். தலைவர் பார்த்துத் தலையாட்டினால் மற்ற கடைக்காரர்களும் வாங்குவார்கள், மாப்பிள்ளை அதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம். "ஓடலைன்னா ஒண்ணும் கவலைப்படாதீங்க, இஸ்திரி மேசை காலியாத்தான் கிடக்கு" என்றார். இஸ்திரி போடுகிறவர் தனிக்கடை வைத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

அந்த மேசைதான் என் வீட்டுக்காரரைத் தூங்கவிடவில்லை. "படிச்சவன் மாமனார் கடையில சட்டை தேய்ச்சுக்கிட்டு நின்னா என்ன மரியாதை இருக்கும், நீயே சொல்லு" என்று என்னிடமே கேட்டார். நான் அப்போது யாரோ ஒருவருடைய பேன்ட்டை மடித்துக்கொண்டிருந்தேன். நானும் படித்தவள்தான். அது அவருக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அவர் ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாதி பிரியத்தால். மீதி பாதி, அவர் மடிக்கிற சட்டையை நான் மறுபடி பிரித்து மடிக்க வேண்டியிருக்கும் என்பதால்.

விஷயம் இதுதான். அவர் எழுதியது ஓட வேண்டுமானால் அதற்குத் தேவையான சாமான்கள் சில உண்டு. அவை மாடிக் கம்ப்யூட்டரில் இருந்தன, கடைக் கம்ப்யூட்டரில் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஃபைலாக மூட்டை கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். மூட்டை கட்டுவது எங்கள் குடும்பத் தொழில். அவருக்குத்தான் அது கைவரவில்லை.

இணையத்தில் புரோகிராம்காரர்கள் கூடுகிற குழு ஒன்றில் போய், மாமனார் கடைக்கு என்று சொல்லி உதவி கேட்டார். முதலில் பதில் போட்டவர், இதை ஏன் இந்த மொழியில் எழுதினீர்கள் என்று கேட்டார். அந்த மொழிக்கு என்ன குறைச்சல் என்று இரண்டாமவர் முதலாமவரைக் கேட்டார். அதன் பிறகு அவர்கள் இருவரும் கட்டிப் புரண்டார்கள். மூன்றாவது ஒருவர் வந்து, இந்தக் கேள்வி ஏற்கெனவே கேட்கப்பட்டதுதான், தேடிப் பாருங்கள் என்றார். தேடிப் பார்த்ததில் அங்கேயும் இதே மூன்று பேர்தான் இருந்தார்கள். என் வீட்டுக்காரரின் கேள்வி சீந்துவாரில்லாமல் கிடந்தது.

கடைசியில் 'துருப்பிடிச்ச ஆணி' என்ற பெயரில் ஒருவர் இரக்கப்பட்டார். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆணி சொன்னபடி கட்டிய முதல் மூட்டையைக் கடையில் போட்டதும், வைரஸ் தடுப்பு அதை அப்படியே விழுங்கிவிட்டது. "கம்ப்யூட்டரே உங்க புரோகிராமைத் திருடன்னு சொல்லுதே மாப்பிள்ளை" என்றார் அப்பா. அடுத்த மூட்டை விழுங்கப்படாமல் தப்பியது. இரண்டு தட்டு தட்டினால் கறுப்பாக ஒரு பெட்டி வரும், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். எதற்கு வந்தது, ஏன் போனது என்று அதனிடம் கேட்கவும் முடியவில்லை.

ஆணி எழுதினார்: "என்ன தப்புன்னு தெரியாம நான் எப்படிங்க சொல்றது? தப்பு வந்தா ஸ்கிரீன் முழுக்கப் பெரிய எழுத்துல காட்டற மாதிரி செய்யுங்க. எந்த ஃபைல், எந்த இடம், ஒண்ணு விடாம வரணும். கடையில இருக்கறவங்க அதைப் படிச்சு உங்களுக்குச் சொல்லட்டும்." அருமையான யோசனை. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து அதை ரசித்துச் செய்தார். தூரத்திலிருந்தே படிக்கலாம், சிவப்பு எழுத்து.

இதற்கு நடுவில் அப்பா மாடிப்படி ஏறி ஏறி வந்துகொண்டிருந்தார். பச்சை வேண்டாம், நீலம் போடுங்கள். நீலம் கண்ணைக் குத்துகிறது, பச்சையே இருக்கட்டும். பெயருக்கு முன்னால் 'திரு' வேண்டும். வாடிக்கையாளர்களில் பாதி பேர் பெண்கள், 'திரு'வை எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று "ஆகட்டும் மாமா" என்பார். இவ்வளவு பணிவா என்று எனக்கே ஆச்சரியம். இவருக்குக் கோபமே வராதோ என்றுகூட நினைத்தேன், நான் ஒரு மக்கு.

சங்கத் தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. தொழில் அப்படி. அப்பா அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். என் வீட்டுக்காரர் புது மூட்டையைப் போட்டுவிட்டுப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா இரண்டு தட்டு தட்டினார்.

ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. ஆணி கேட்டது போலவே ஒன்று விடாமல் வந்திருந்தது.

"துணிக் கணக்கைத் திறக்க முடியவில்லை. இடம்: C:\கிழவன் தொல்லை\துணிகள்."

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தார். தலைவர் பக்கத்தில் தொங்கிய கோட்டின் பட்டனை ஆராய்ச்சி செய்தார்.

"அது வேற புராஜெக்ட் மாமா" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேற கிழவனா?" என்றார் அப்பா.

என் வீட்டுக்காரர் பதறிப்போய், திரையைப் படம் பிடித்து அப்படியே ஆணிக்கு அனுப்பிவிட்டார். நான்கு எழுத்தை மறைத்து அனுப்பியிருக்கலாம், யாருக்கு அந்த நேரத்தில் புத்தி வேலை செய்கிறது. உடனே பதில் வந்தது. அதைப் படிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. என்னிடம் நீட்டினார். "என்னம்மா சொல்றாங்க, சத்தமா படி" என்றார் அப்பா. படித்தேன்.

"துணிக் கணக்கு இருக்கற இடத்தை உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறபடியே எழுதி வச்சிட்டீங்க. அந்த ஃபோல்டர் கடையில இல்ல, அதான் ஓடல. இப்போதைக்கு ஒரே வழி, கடைக் கம்ப்யூட்டர்லயும் அதே பேர்ல ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்க. ஓடும். பின்குறிப்பு: உங்க மாமனாருக்கு என் வணக்கம்."

"நகருங்க மாமா, நான் செய்யறேன்" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார்.

"நீங்க சிரமப்படாதீங்க. நானே அடிக்கறேன். எழுத்து எழுத்தா சொல்லுங்க, போதும்."

அப்பா ஒற்றை விரலால் அடிக்கிறவர். ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப்பிடித்து அழுத்த, என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தான் வைத்த பெயரைச் சொல்லிக்கொண்டே போனார். காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அப்பாவை நினைத்தால் பாவமாக இருந்தது, இவரைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஹேங்கர்களை எண்ணுவது போல நின்றேன்.

ஃபோல்டர் ஆயிற்று. அப்பா மறுபடி இரண்டு தட்டு தட்டினார். திறந்தது. தலைவர் பெயரை அடித்து, சட்டை என்று போட்டு, கம்பி நம்பர் கொடுத்துத் தேடினால் பளிச்சென்று வந்தது. தலைவர் தலையாட்டினார். தன் கடைக்கும் ஒன்று வேண்டும் என்றார், தம்பி கடைக்கும் சேர்த்து.

மறுநாளே என் வீட்டுக்காரர் அந்தப் பெயரை ஒழித்துக்கட்டிப் புது மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அப்பா தொடவிடவில்லை. "ஓடுதுல்ல, அப்புறம் எதுக்கு நோண்டறீங்க?" வேறு வழியில்லாமல் அவர் குழுவில் போய்க் கேட்டார். அந்த மூன்று பேரும் அன்றைக்குத்தான் ஒற்றுமையாகப் பதில் போட்டார்கள்: ஓடுகிறதைத் தொடாதீர்கள்.

அப்பா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புரோகிராம் கேட்ட கடைக்கெல்லாம் அந்தப் பழைய மூட்டையோடு மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். போனதும் தானே உட்கார்ந்து ஒற்றை விரலால் அந்த ஃபோல்டரை உண்டாக்குவார். இது என்னங்க பேர் என்று கடைக்காரர் கேட்பார். "மாப்பிள்ளை வச்ச பேருங்க. சும்மா சொல்லக்கூடாது, கிழவன் தொல்லை இல்லேன்னா இது ஓடாதுங்க. அவரே அப்படித்தான் எழுதி வச்சிருக்கார். இல்லீங்களா மாப்பிள்ளை?"

என் வீட்டுக்காரர் "ஆமாங்க" என்பார். ஒவ்வொரு கடையிலும் சொன்னார். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது.

சங்கத்தில் இன்னும் நிறையக் கடைகள் பாக்கியிருந்தபோது, ஒரு நாள் காலை அப்பா பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு "கிளம்பலாமா மாப்பிள்ளை?" என்றார்.

"நீங்க போயிட்டு வாங்க மாமா. நான் கடையில இருக்கேன். இஸ்திரி நிறைய சேர்ந்துடுச்சு."

அப்பா பொறுமையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். என் வீட்டுக்காரர் மேசைக்குப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, முதல் சட்டையை எடுத்து விரித்தார். சும்மா சொல்லக்கூடாது, தேய்க்கிறது நன்றாகத்தான் தேய்க்கிறார். மடித்ததை மட்டும் நான் பிரித்து மறுபடி மடிக்கிறேன்.