இரட்டைக் கோட்டுப் பாதை

எலுமிச்சை சாத டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டே எலிசா கேட்டாள். "லாங் வீக்கெண்ட்லகூட இஞ்சின் சத்தம்தான் வேணுமாங்க உங்களுக்கு?"

"வாரம் பூரா ட்ரெயின்ல நின்னுக்கிட்டே மன்ஹாட்டன் போறவன்டி நான். ஒருநாளாவது எதையாவது ஓட்டணும்னு இருக்காதா?" என்றான் ஜெபதாஸ். பிறகு மகளைச் சீண்டினான். "ஷைனா, அம்மாகூட ஸ்கீ பண்ணப் போறியா? ஆமைகூட உன்னை ஓவர்டேக் பண்ணும்."

"டாட், யூ ஆர் ஸோ லவுட்," என்றாள் ஒன்பது வயது ஷைனா, காதைப் பொத்தியபடி.

எடிசன் நகரிலிருந்து முந்தின நாள்தான் வெர்மாண்டுக்கு வந்திருந்தார்கள். கூட ஜெபதாஸின் ஊர்க்காரன் பெனிஷும் வந்திருந்தான். எலிசா நர்ஸ். மானிட்டர்கள் ஓயாமல் கத்தும் வார்டில் வேலை. அவளுக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத ஒரு காடு. அதனால் பெண்கள் இருவரும் காலில் ஸ்கீ பலகை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம், ஆண்கள் இருவரும் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளில் இன்னொரு பக்கம் என்று முடிவானது.

ஸ்கீயும் வண்டியும் வாடகைக்குத் தரும் குடிலின் வாசலிலேயே பாதைகள் பிரிந்தன. ஸ்கீ பாதையில் அதிகாலையிலேயே பனியை அமுக்கி, ஒட்டினாற்போல இரண்டு பள்ளக்கோடுகள் இழுத்து வைத்திருந்தார்கள். "காலை அந்தக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கண் தெரியாத மூடுபனியிலும் அது உங்களை இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடும்," என்று குடிலில் இருந்த பெண் எலிசாவிடம் சொல்லி அனுப்பினாள். ஜெபதாஸ் அப்போது ஹெல்மெட் அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டிப் பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. மதியத்துக்குள் இருவருக்கும் முதுகு விட்டுப்போனது. ஓரிடத்தில் குறுக்கே ஒரு கயிறு, வண்டிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை. அதற்கப்பால் ஸ்கீ பாதை புதுத் தார் ரோடு மாதிரி வழவழவென்று கிடந்தது.

"பாத்தியா மக்கா? நல்ல ரோடெல்லாம் நடக்கறவனுக்கு. குண்டும் குழியும் நமக்கு," என்றான் பெனிஷ்.

"போர்டு வச்சிருக்கானேடா."

"நம்ம ஊர்ல நோ என்ட்ரில போகாதவன் மாதிரி பேசாதலே. அஞ்சு நிமிஷம், ஒரு ரேஸ். யாரு பாக்கப் போறா?"

கயிறு அவிழ்ந்தது. பெனிஷின் வண்டி முன்னால் பறக்க, அது கிளப்பிய பனித்தூளுக்குள் ஜெபதாஸ் பாய்ந்தான். வளைவில் இரண்டு நிழல்கள் தெரிந்தன. நாகர்கோவில் பஜாரில் பைக் ஓட்டிய காலத்துப் பழக்கம் அப்படியே கைக்கு வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. ஹார்ன் இல்லாத வண்டி என்பதால் இஞ்சினை உறுமவிட்டான். வருகிறேன், விலகு என்று அர்த்தம். நிழல்கள் சரிந்து ஓரமாய் விழுந்தன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை போய்ச் சேர்ந்த திறந்த வெளியில் இருவரும் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள், சிரிக்கச் சிரிக்க.

மாலையில் பனி இறங்கியது. காற்றில்லாத பனி. மரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு மறைந்துகொண்டே வந்தன. ஸ்கீ போனவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள், எலிசாவையும் ஷைனாவையும் தவிர. போனில் சிக்னல் இல்லை. குடில் பெண் மீட்புக் குழுவைக் கூப்பிட்டாள். வரும்வரை காத்திருங்கள் என்றாள்.

பெனிஷை மறுபக்கம் போய்த் தேடச் சொல்லிவிட்டு ஜெபதாஸ் வண்டியைக் கிளப்பினான்.

இந்த முறை கண்ணைத் தரையில் வைத்து ஓட்டினான். கொஞ்ச தூரம் வரைதான் அந்த இரண்டு கோடுகள் இருந்தன. பிறகு அவற்றின்மேல் ஸ்னோமொபைலின் அகலமான பட்டைத் தடம் ஏறி, எல்லாவற்றையும் நசுக்கியிருந்தது. அது யாருடைய தடம் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தத் தடத்தின்மேல், பின்னால் வந்த ஸ்கீ அடையாளங்கள் இரண்டு ஜோடி. ஒன்று பெரியது, ஒன்று சிறியது.

கோடு தொலைந்துபோனதால் அவனுடைய தடத்தையே நம்பிப் போயிருக்கிறார்கள்.

திறந்த வெளிக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தான். மத்தியானம் அவன் போட்ட வட்டங்களின்மேலேயே அந்தப் பெரிய தடமும் சின்னத் தடமும் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. ஒரு சுற்று. அதன்மேல் இன்னொரு சுற்று. வெள்ளைக்குள் வெளியேறும் வழி தெரியாமல், அவன் விளையாடிய விளையாட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"எலிசா! ஷைனா!"

இஞ்சின் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. தான் வந்திருப்பது தெரியட்டும் என்று வண்டியை உறுமவிட்டான். ஸ்கீ தடங்கள் ஓரிடத்தில் வட்டத்தை விட்டு விலகி, நேராக மரங்களுக்குள் ஓடியிருந்தன. இப்போதுதான் விழுந்த தடங்கள். அவற்றின்மேல் பனி இன்னும் மூடவில்லை. அவன் அந்தப் பக்கம் திருப்பினான். உள்ளே போகப் போகத் தடங்கள் இன்னும் ஆழமாக, இன்னும் தாறுமாறாக இருந்தன. ஓரிடத்தில் சின்ன ஸ்கீ ஒன்று தனியாகக் கிடந்தது.

எதைப் பார்த்து இப்படி ஓடியிருக்கிறார்கள்? காட்டில் என்ன இருக்கிறது? சுற்றிலும் பார்த்தான். வெள்ளையும் மரங்களும்தான். ஏதாவது கேட்கிறதா என்று பயத்தோடு சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினான்.

மௌனம் வந்து காதில் இடித்தது. அதற்குள்ளிருந்து, மிகப் பக்கத்தில், யாரோ தமிழில் முணுமுணுப்பது கேட்டது.

"இயேசப்பா, அந்தச் சத்தம் இந்தப் பக்கம் வரவேண்டாம். என் பிள்ளையக் காப்பாத்துங்கப்பா. அது இந்தப் பக்கம் வரவேண்டாம்..."

விழுந்துகிடந்த மரத்துக்குப் பின்னால் எலிசா ஷைனாவின் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். ஹெல்மெட் போட்ட உருவத்தைக் கண்டதும் பிள்ளையைப் பின்னுக்கு இழுத்தாள்.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"ஏங்க!" என்று எலிசா உடைந்து அழுதாள். "மத்தியானம் ரெண்டு வண்டி எங்க மேலயே ஏத்தப் பாத்துச்சுங்க. இவ ஊணுற கம்பு உடைஞ்சு போச்சு. அப்புறம் கோட்டையே காணோம். இப்போ மறுபடியும் அதே சத்தம், தேடித் தேடி வருது. அதான் ஓடினோம்."

ஷைனா அழவில்லை. அவன் கையிலிருந்த ஹெல்மெட்டையே பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"டாட், இட் வாஸ் யூ."

அவன் ஹெல்மெட்டைப் பனியில் போட்டான். எலிசா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக அழுகையை நிறுத்தினாள். அது அழுகையைவிடக் கொடுமையாக இருந்தது.

ஷைனா வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அவன் வற்புறுத்தவில்லை. வண்டியை அங்கேயே விட்டு, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, தான் வந்த தடத்திலேயே நடந்தான். எலிசா பின்னால் வந்தாள்.

பாதி வழியில் அந்தச் சத்தம் வந்தது.

எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. மரங்கள் எல்லாமே உறுமுவதுபோல இருந்தது. ஷைனாவின் விரல்கள் அவன் கழுத்தில் பதிந்தன. அவன் கால்களும் ஓரத்தை நோக்கித் தாமாகவே நகர்ந்தன. நடக்கிறவனுக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்பது அவனுக்கு முதல்முறையாகத் தெரிந்தது.

பிள்ளையை எலிசாவிடம் கொடுத்து, இருவரையும் மரத்தடியில் நிறுத்தினான். பிறகு பாதையின் நடுவே போய், போன் வெளிச்சத்தை உயர்த்திக் கைகளை விரித்து நின்றான். வண்டி வழுக்கிக்கொண்டே வந்து, அவன் முழங்காலை உரசாத குறையாக நின்றது.

"ஏலே, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான் பெனிஷ். "இப்படியா நடு ரோட்டுல நிப்ப? ஏத்தியிருப்பேன்!"

"முதல்ல இஞ்சின ஆஃப் பண்ணு."

பெனிஷ் மரத்தடியைப் பார்த்தான். சத்தம் நின்றது.

"இது ரோடு இல்ல மக்கா," என்றான் ஜெபதாஸ். "நடக்கறவங்க பாதை. வேகமா போறவனுக்கு அது அஞ்சு நிமிஷ விளையாட்டு. மெதுவா போறவங்களுக்கு உயிரு. யாரு மெதுவா போறாங்களோ, பாதை முதல்ல அவங்களோடது. வா, குடிலுக்குப் போய் நாமதான் செஞ்சோம்னு சொல்லுவோம். வண்டிய இங்கயே விட்டுட்டு வா."

பெனிஷ் இறங்கினான்.