முப்பத்தெட்டு நாய்களும் ஒரு குடையும்

புரட்டாசி முதல் திங்கட்கிழமை விடிந்தபோது கள்ளிவலசில் இருந்த முப்பத்தெட்டு நாய்களும் ஒரே நாயாக மாறியிருந்தன. ஈர மணல் நிறம், மடிந்த இடது காது, வலது முன்காலில் மட்டும் வெள்ளை, வட்டமாகச் சுருண்ட வால். சங்கிலிகளும் கழுத்துப்பட்டைகளும் அந்தந்த வாசலில் பூட்டுத் திறக்காமலே கிடந்தன. நாய்கள் தொடக்கப்பள்ளி மைதானத்தில் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தன. ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் பதினான்கு கிலோ இருநூறு கிராம். போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஜெகதீஸ்வரனின் ராட்வைலர் முந்தைய நாள் வரை நாற்பத்தெட்டு கிலோ. வசந்தாமணியின் பொமரேனியன் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கும் அளவு. ஆண் ஆணாகவும் பெண் பெண்ணாகவும் இருந்ததைத் தவிர இப்போது வித்தியாசம் எதுவும் இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் முப்பத்தெட்டும் திரும்பிப் பார்த்தன. பால் வண்டி வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து போயிற்று.

அன்று ஒன்பது மணிக்கு லாரி ஓட்டுநர் சடையனின் நாயைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. கொடுத்துவிடுவது என்றுதான் ஊரில் சொன்னார்கள். நாயைக் கொல்வது குற்றம் என்று பஞ்சாயத்துத் தலைவர் பிரபாகர் கூட்டத்தில் சொல்லியிருந்ததால் வேறு சொல் யார் வாயிலும் வரவில்லை. சுருக்குக் கம்பியோடு வெளியூர் ஆள் ஒருவன் எட்டரை பஸ்ஸில் வந்து இறங்கி, மைதானத்தைப் பார்த்து, எதைப் பிடிப்பது என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்த நாயின் உயிரைக் கேட்டிருந்த சின்னாயிக்கும் தெரியவில்லை.

சின்னாயியிடம் பதின்மூன்று செம்மறிகள் இருந்தன. புருஷன் ரிக் வண்டியோடு வடக்கே போனால் பத்து மாதம் கழித்துத்தான் வருவான். இரண்டு குட்டிகளில் தொடங்கி ஆறு வருஷத்தில் அவள் தனியாகச் சேர்த்த பட்டி அது. ஆவணிக் கடைசியில் ஒரு நாள் நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போய்விட்டு மதியம் திரும்பியபோது பட்டியின் மூங்கில் படல் சாய்ந்து கிடந்தது. ஒன்பது ஆடுகள் கழுத்திலும் தொடையிலும் கடிபட்டுச் செத்திருந்தன. எதையும் எதுவும் தின்றிருக்கவில்லை. மிச்சம் நான்கும் மூலையில் ஒண்டியிருக்க, அவற்றின் முன்னால் சடையனின் கோம்பை இன வேட்டைநாய் செவலை நின்றது. அதன் முகத்தில் ரத்தம் இருந்தது. சின்னாயி மண்வெட்டியை எறிந்தாள். அது நகரவில்லை. இரண்டாவது முறை கல்லை எடுத்தபோதுதான் போயிற்று. அவளுடைய நாட்டு நாய் மணி அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் ஈரமாக வந்து சேர்ந்தது. இரண்டு நாள் சோறு தின்னவில்லை. ஆடுகள் போன துக்கம் என்று நினைத்து அவள் அதைத் தடவிக்கொடுத்தாள்.

கூட்டத்தில் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை. கோம்பை என்றதுமே பேச்சு முடிந்துவிட்டது. "அதும்பட ரத்தமே அப்படிங்க," என்றார் ஜெகதீஸ்வரன். சடையன் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "கம்பம் லோடு போனப்ப மடியில வெச்சுக் கொண்டாந்ததுங்க. கோழியக்கூடத் தொரத்தாதுங்க," என்றார். பின்னால் இருந்து யாரோ, "வேட்டைக்குப் பொறந்தது வெண்டக்காயா திங்கும்?" என்றதற்குச் சிரிப்பு எழுந்தது. சின்னாயி சிரிக்கவில்லை. சடையனின் மனைவி பாவாயி முகத்துக்கு நேராக, "உங்கூட்டு நாய் உசுரு எனக்கு வேணும்," என்றாள். பாவாயியும் அவளும் பதினெட்டு வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள்.

நாய்கள் ஒன்றாகிவிட்ட பிறகு ஊர் முதலில் மாரியம்மன் கோயிலுக்குப் போயிற்று. அங்கே வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு அம்மனிடம் உத்தரவு கேட்பது வழக்கம். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்பதுண்டு. ஆனால் முப்பத்தெட்டு நாய்க்கு முப்பத்தெட்டு தடவை அம்மனைத் தொந்தரவு செய்ய முடியாது என்று பூசாரி மறுத்துவிட்டார். சுருக்குக் கம்பி ஆள், தெரிந்ததும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு மதிய பஸ்ஸில் திரும்பிப் போனான்.

பிறகு எல்லாரும் அவரவர் நாயைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்ன ஜாதி நாய்க்கு இன்ன குணம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் வேலை சுலபமாக முடிந்தது. உறுமிய நாயை ஜெகதீஸ்வரன் தம்முடைய ராட்வைலர் என்று பிடித்துக்கொண்டு போனார். மடியில் ஏறிய ஒன்றை வசந்தாமணி தூக்கிக்கொண்டாள். சடையன் லாரிப் பக்கம் வந்த ஒன்றைக் கூட்டிப்போனார்; அது செவலைதானா என்று உறுதியில்லாததால் ஊர் அதைத் தொடவில்லை. எந்த நாயும் எங்கே போகவும் மறுக்கவில்லை. மூன்றாம் நாள் ஜெகதீஸ்வரன் வீட்டு நாய் சோபாவில் ஏறி உட்கார்ந்து, தயிர்ச்சோறு தவிர எதையும் தொடமாட்டேன் என்றது. வசந்தாமணி வீட்டு நாய் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. குக்கர் விசில் கேட்டால் நடுங்கியது. இருவரும் இதை வெளியே சொல்லவில்லை.

சின்னாயி மைதானத்துக்குக் கடைசியாகப் போனாள். அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. திரும்பி நடந்தபோது ஒரு நாய் பின்னாலேயே வந்தது. வந்தது நேராகப் பட்டிக்குப் போய், படலின் அடிமூங்கிலில் தாடையை வைத்துப் படுத்தது. மிச்சம் இருந்த நான்கு ஆடுகளும் அதைப் பார்த்து மிரளவில்லை. கடிபட்ட நாளிலிருந்து மேய்ச்சலுக்கு இறங்க மறுத்திருந்தவை மறுநாள் அதன் பின்னால் இறங்கின. மணி என்று கூப்பிட்டாள். அது வந்தது. பகலில் ஏரிக்கரைக்கு வேலைக்குப் போக அவளுக்கு மறுபடி தைரியம் வந்தது.

எது செவலை என்று கண்டுபிடிக்க வழி தேடிய பிரபாகருக்கு ஆடியில் வந்துபோன ஆராய்ச்சி மாணவியின் ஞாபகம் வந்தது. தனப்பிரியா என்று பெயர், சேந்தமங்கலத்துப் பெண். நாய்களின் குணம் இனத்துக்கு இனம் எவ்வளவு வேறுபடுகிறது என்பது அவள் ஆராய்ச்சி. பேசும்போது தரையைப் பார்ப்பாள். ஆடியில் அவள் வீடு வீடாக உட்கார்ந்து ஒவ்வொரு நாயைப் பற்றியும் எழுபது கேள்வி கேட்டாள். வீட்டார் சொல்வது பாதிதான் என்பதால், நாய்களை ஒவ்வொன்றாக மைதானத்துக்கு வரவழைத்து நாய்க்கு முன்னால் சட்டென்று ஒரு கறுப்புக் குடையை விரித்தாள். கயிற்றில் கட்டிய கம்பளித் துணியை வேகமாக இழுத்து ஓடினாள். திறக்கவே முடியாத டப்பாவில் கறித்துண்டை வைத்து, நாய் எத்தனை விநாடி போராடுகிறது, எப்போது மனிதனைத் திரும்பிப் பார்க்கிறது என்று குறித்தாள். ஒரு தடவை செய்ததைக் குணம் என்று சொல்லக் கூடாது, நாள் கழித்தும் அதையே செய்தால்தான் குணம் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தாள். குடைக்காரப் பொண்ணு என்று ஊரில் அவளுக்குப் பெயர் வந்தது.

பிரபாகர் கூப்பிட்டதும் அவள் அதே குடையோடு பஸ்ஸில் வந்தாள். முதலில் பஞ்சுக் குச்சியால் முப்பத்தெட்டு நாய்களின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஒரே நாயின் எச்சிலை ஏன் முப்பத்தெட்டு தடவை அனுப்பினீர்கள் என்று ஆய்வகத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். ஆகவே குணம் ஒன்றுதான் மிச்சம். ஆறு நாள் மைதானத்தில் குடையை விரித்து, துணியை இழுத்து, டப்பாவை வைத்துப் பழைய நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். உடம்பு மாறிய நாய்கள் குணத்தில் இம்மியும் மாறியிருக்கவில்லை. இருபத்தொன்பது வீடுகளில் தவறான நாய் இருந்தது. ராட்வைலர் என்றால் இப்படி, பொமரேனியன் என்றால் இப்படி என்று நம்பித் தேடியவர்கள்தான் அதிகம் தவறியிருந்தார்கள். இனம் ஏதோ கொஞ்சம் சொல்லத்தான் செய்தது. ஆனால் ஒரே இனத்தின் இரண்டு நாய்களுக்கு நடுவே இருந்த தூரம் அதைவிடப் பெரிது என்று அவள் நோட்டில் எழுதியிருந்தாள்.

சின்னாயி தன் நாயோடு ஆறாம் நாள் வந்தாள். தனப்பிரியா குடையை விரித்தாள். நாய் இரண்டடி பின்வாங்கியது. பிறகு முன்னால் வந்து, குடைக்கும் சின்னாயிக்கும் நடுவில் நின்றது. குரைக்கவில்லை. கம்பளித் துணி ஓடியபோது அதைப் பார்த்தது, அவ்வளவுதான். தனப்பிரியா நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்று, வேறொரு பக்கத்துக்குப் போய், மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தாள்.

"அக்கா, இது உங்க மணி இல்லீங்க."

"பின்ன?"

"நோட்டுல பதினேழாம் நம்பருங்க. சடையன் அண்ணனோட கோம்பை."

சின்னாயி நாயைப் பார்த்தாள். அது அவள் காலில் முதுகைச் சாய்த்து நின்றது. "இது ஆட்டுப்பட்டியிலதானே கண்ணு படுத்துக் கெடக்குது. பதினஞ்சு நாளா."

"அதாங்க்கா. ஆடியிலயும் இது இப்படித்தான் நடுவுல வந்து நின்னுச்சு. எழுதி வெச்சிருக்கேன்."

"அப்பொ எம்பட மணி?"

இருபத்திரண்டாம் பக்கத்தில் மணி இருந்தது. ஓடும் பொருளைக் கண்டால் விடுவதில்லை, கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, துணியை இரண்டு முறையும் கிழித்தது என்று எழுதியிருந்தது. தனப்பிரியா அதைப் படிக்காமல் விரலால் மட்டும் காட்டினாள். சின்னாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்து முடிக்க நேரமாயிற்று. சாய்ந்து கிடந்த படலும், மூலையில் நான்கு ஆடுகளும், மண்வெட்டி எறிந்தும் நகராமல் நின்ற செவலையும் அவளுக்கு முன்னால் வந்தன. சாயங்காலம் ஈரமாக வந்த மணி, இரண்டு நாள் தொடாத சோறு, தன் கை அதன் தலையைத் தடவியது, எல்லாம் வந்தன.

"அதுதான் கொன்னுச்சா?"

"குணத்தைத்தாங்க்கா இது சொல்லும். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லாதுங்க."

மறுநாள் காலை பள்ளி வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. சுருக்குக் கம்பி ஆளும் வந்திருந்தான். பிரபாகர், "சொல்லு சாமி, எது சடையன் நாயி?" என்று கேட்டபோது தனப்பிரியா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சின்னாயியைப் பார்த்தாள். சின்னாயி எழுந்தாள்.

"எம்பட பட்டியில இருக்கறதுதானுங்க செவலை. மிச்சம் நாலு ஆடு உசுரோட இருக்குதுன்னா அது நடுவுல நின்னதாலதானுங்க. கொன்னது எம்பட மணியா இருக்கும்."

"இருக்கும்னா எப்படி?" என்றார் ஜெகதீஸ்வரன். "ஏம்மா, நோட்டுல என்ன போட்டிருக்குது?"

"அன்னைக்கு நான் இங்க இல்லீங்க," என்றாள் தனப்பிரியா. அவள் குரல் முன்வரிசைக்கு மேல் போகவில்லை.

"அப்பொ அந்த மணியப் புடிச்சுக் குடுத்தர்லாமே."

"தெரியாம ஒரு உசுரக் கேட்டுட்டேனுங்க," என்றாள் சின்னாயி. "அதுக்கோசரம் அரைகொறையாத் தெரிஞ்சுக்கிட்டு இன்னொண்ணக் கேக்கோணுமா? செத்தது எம்பட ஆடு. நான் எதையும் கேக்கறதில்லை." ஜெகதீஸ்வரன் விடுவதாக இல்லை. வசந்தாமணி, "உங்கூட்டு ராட்வைலர் எம்பட அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்குதுங்க, மொதல்ல அதயக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். சுருக்குக் கம்பி ஆள் மறுபடியும் மதிய பஸ்ஸைப் பிடித்தான்.

அன்று சாயங்காலம் சின்னாயி நாயைக் கூட்டிக்கொண்டு சடையன் வீட்டுக்குப் போனாள். பாவாயி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. லாரியின் கேபினில் இன்னொரு ஈர மணல் நிற நாய் ஜன்னலில் முன்காலை வைத்து, ரோட்டில் போகும் வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னாயி அதைக் கூப்பிடவில்லை.

"உங்க செவலையக் கொண்டாந்துட்டேனுங்கண்ணா," என்றாள்.

"எனக்கு ரெண்டாம் நாளே தெரியும்," என்றார் சடையன். "ஹாரன் அடிச்சா செவலை வண்டிக்கு அடியில போயிப் படுத்துக்கும். இவன் டயரைத் தொரத்தறான். உங்க மணின்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. உங்க பட்டிப் பக்கம் போனப்ப செவலையையும் பாத்துட்டேன். அது உங்கூட்டுல இருந்தா ஒருத்தனும் தேட மாட்டான்னு வாய மூடிக்கிட்டேன்."

சின்னாயி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து ஒன்றை அவள் பக்கத்தில் வைத்தாள். "ஆட்டுக்கு அது வேணுமில்ல. கூட்டிட்டுப் போ," என்றாள். செவலை பாவாயியின் கையை நக்கியது. பிறகு சின்னாயியின் பின்னால் நடந்தது. மணி லாரியிலேயே இருந்துவிட்டது. ஓடுகிற மரங்களையும் ஓடுகிற வண்டிகளையும் பார்த்துக்கொண்டே விசாகப்பட்டினம் வரை போய்வந்தது. ஆடுகள் இருக்கும் இடங்களில் சடையன் கேபின் கதவைத் திறப்பதில்லை.

நாய்கள் பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை. தை மாதம் வெறிநாய்த் தடுப்பூசி போட வந்தவர் படிவத்தில் நிறம், இனம் என்ற கட்டங்களில் முப்பத்தெட்டு முறை ஒரே விஷயத்தை எழுதிவிட்டுப் போனார். தனப்பிரியாவின் ஆய்வேட்டில் கள்ளிவலசு ஒரு பத்தியாக வந்தது. மாதிரிகளில் தோற்ற வேறுபாடு இல்லை என்று அதில் இருந்தது. பிறந்த குட்டிகளும் ஈர மணல் நிறத்தில் பிறந்தன. வாழப்பாடியிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் குட்டி கேட்டு வருபவர்கள் என்ன ஜாதி என்று கேட்கிறார்கள். கள்ளிவலசுக்காரர்கள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் குடையை எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சின்னாயியின் பட்டியில் இப்போது பதினோரு ஆடுகள். மழை பிடித்தால் அவள் மேய்ச்சல் நிலத்தில் குடையை விரிக்கிறாள். நாய் இரண்டடி பின்வாங்குகிறது, பிறகு வந்து நடுவில் நிற்கிறது. அது வந்து நிற்கும் வரை மழையில் காத்திருந்துவிட்டு, பிறகுதான் அவள் நடக்கிறாள்.