என்ன சாப்பிட்டீங்க?

மூன்றாவது முறையாக அப்பா விருந்தாளிகள் முன்னாலிருந்த பன்றிக்கறித் தட்டை எடுத்துக்கொண்டு போனார். ஹேரிம் பின்னாலேயே போய் அதை வாங்கிவந்து திரும்ப வைத்தாள். தென்கொரியாவின் மோக்போ ஊரில் இழவுக்கு வந்தவர்களைக் காரமான சூப்பும் வேகவைத்த கறியும் வைக்காமல் யாரும் அனுப்புவதில்லை.

"என்னடா துக்சூ, பொண்டாட்டி சாவுலயும் கஞ்சத்தனமா?" என்றார் அப்பாவோடு படகில் போகிற ஒருவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா, சூப்பைக் குடி என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஹேரிமுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவும் கடைசி ஒரு வருஷம் கறியைத் தொடவில்லை. வாய்க்கு ருசி போய்விட்டது என்றுதான் ஹேரிம் நினைத்திருந்தாள்.

இழவு மண்டபம் மருத்துவமனையின் அடித்தளத்திலேயே இருந்தது. மதியம், அம்மாவைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் குவாக் மேலேயிருந்து இறங்கி வந்து, அவள் படத்துக்கு முன் வெள்ளைப் பூ வைத்து வணங்கினார். ஹேரிம் அவருக்குச் சாப்பாடு வைத்தாள். கறியை எடுக்க அப்பா குனிந்தபோது நர்ஸ் அவர் கையைப் பிடித்து, ஏன் என்று கேட்டார்.

அப்பா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வருஷம் முடிந்து, முழுசாகக் குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, மொட்டைமாடியில் அப்பாதான் கறி சுட்டாராம். கருகின ஓரம்தான் அம்மாவுக்குப் பிடிக்கும். ஆறு மாதத்தில் இடுப்பெலும்பில் புற்று தெரிந்தது. டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: "இத்தனை நாளா என்ன சாப்பிட்டீங்க?" அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. அதற்கப்புறமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"எடை குறைஞ்சு வர்ற எல்லார்கிட்டயும் டாக்டர் அப்படித்தான் கேப்பாரு," என்றார் நர்ஸ். "சாப்பாடு இறங்குதான்னு தெரிஞ்சுக்கத்தான்."

"அப்போ நான் காரணம் இல்லையா?"

"இல்லைங்க ஐயா."

அப்பா கறியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நம்புவதா வேண்டாமா என்று தெரியாதவர் போல அம்மாவின் படத்தைப் பார்த்தார்.

"அவளுக்கு இது தெரியாதே. அவகிட்டயும் சொல்லிடுங்க, நர்ஸம்மா."

நர்ஸ் ஹேரிமைப் பார்த்தார். அவள் ஊதுவத்திக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். நர்ஸ் படத்துக்கு முன் மண்டியிட்டார்.

"அம்மா, அது கறியால வரல. மார்புல ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடியே, எந்த ஸ்கேன்லயும் தெரியாத சில செல் எலும்புல போய்த் தங்கியிருக்கு. அஞ்சு வருஷம் சும்மா கெடந்துட்டு அப்புறம் வளந்திருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணல. அவரும் ஒண்ணும் பண்ணல."