பன்னிரண்டு அடிப்பதற்குள்

கேபிள் கார் மேட்டின் விளிம்பைத் தாண்டி ஊருக்கு மேலே தொங்கியதும் செனோபியா பேச்சை நிறுத்தினாள். காலை ஏழு மணிக்கு விமான நிலையத்தில் ரோமுலோவைக் கண்டதிலிருந்து வாய் ஓயாதவள், இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மூடினாள். கீழே லா பாஸ் மொத்தமும் விரிந்து கிடந்தது. சரிவெங்கும் செங்கல் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்றாக ஏறி நின்றன. எதிரே இல்லிமானி மலை, மழைக்கால மேகத்தை விலக்கிவிட்டு, பனியோடு முகம் காட்டியது. தினமும் இதே வண்டியில்தான் சந்தைக்கு இறங்குகிறாள். ஆனாலும் இன்றைக்கு ஊரையே தன் கையால் கழுவித் துடைத்து வைத்ததுபோல அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"எப்படி?" என்றாள்.

ரோமுலோ கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். "இவ்வளவு பேரும் உருண்டு விழாம எப்படித் தூங்குறீங்க?"

"இடுப்புல கயிறு கட்டிக்கிட்டுத்தான். உங்க ஊரு மாதிரி பலகை கணக்கா தட்டையா இருந்தா எங்களுக்குத் தூக்கமே வராது."

அவர் சாந்தா குரூஸ்காரர். வெயிலும் கொசுவும் நிறைந்த அந்தத் தாழ்நிலத்தில், மரம் அறுக்கும் மில்லில் இயந்திரம் பழுது பார்க்கிறவர். மனைவி இறந்து ஆறு வருஷம். செனோபியாவும் கணவனை இழந்து ஒன்பது வருஷமாகத் தனியாக இருப்பவள்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவள் அந்த ஊருக்குப் போயிருந்தபோது, நடு விருந்தில் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இவர்தான் வந்து சரி செய்தார். கைக் கறுப்பைக் கழுவிய கையோடு அவளை ஆடக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் போனில்தான். போன வாரம் திடீரென்று, "கல்யாணம் பண்ணிக்கலாம். ஆனா உங்க ஊரைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். ஒத்து வரலைன்னா அன்னிக்கு சாயங்காலமே திரும்பிடுவேன்" என்றார். திரும்பும் டிக்கெட்டும் போட்டுவிட்டார். லான்சா சந்தையில் இருபது வருஷம் நின்று பிடித்த பழச்சாறு கடையை விட்டு அவளால் எங்கும் போக முடியாது. ஆக, ஒரே பகலில் ஊரைக் காட்டி ஆளை மடக்க வேண்டும்.

வண்டியை விட்டு இறங்கியதும் ஆரம்பித்தாள். பட்டையும் கிராம்பும் மணக்கும் ஊதா மக்காச்சோளக் கஞ்சி, கூடவே சீஸ் வைத்துப் பொரித்த உப்பலான அப்பம், ஆளுக்கு இரண்டு. பிறகு செங்குத்தான கல் தெருக்களில் ஏறி இறங்கி, மூலிகைக் கடைகளைக் காட்டி, பன்றித் தொடைக்கறியும் ஊறுகாய் வெங்காயமும் திணித்த ரொட்டி. "போதும்" என்றார் ரோமுலோ. ஒரு தரம் போதும் என்றால் இன்னும் வேண்டும் என்றுதான் இந்த மேட்டு ஊரில் பொருள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். அவர் முகம் சிவந்திருந்ததைக்கூடக் குளிருக்கு வந்த நிறம் என்று ரசித்தாள். பத்தரைக்குத் தோழி எவரிஸ்தாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்து, மஞ்சள் மிளகாய்க் குழம்பில் மிதக்கும் பன்றிக்கறியை வாங்கி முன்னால் வைத்தாள்.

எவரிஸ்தா கரண்டியோடு வந்து விருந்தாளியை உற்றுப் பார்த்தாள். "இவரு மேல வந்து எவ்வளவு நேரமாச்சு?"

"மூணரை மணி நேரம் இருக்கும்."

"அடிப்பாவி! வந்த அன்னிக்கே பன்னிக்கறியா? கட்டிக்கப் போறியா, கொன்னு புதைக்கப் போறியா?"

அப்போதுதான் செனோபியாவுக்கு உறைத்தது. கீழிருந்து வருகிறவர்களை முதல் நாள் வெறும் கஞ்சித்தண்ணி கொடுத்துப் படுக்க வைக்க வேண்டும் என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இந்த உயரத்து மெல்லிய காற்றையே குடித்தவள், அது மற்றவர்களுக்குப் போதாது என்பதைச் சந்தோஷத்தில் சுத்தமாக மறந்துபோனாள்.

சான் பிரான்சிஸ்கோ தேவாலயப் படிக்கட்டு வரைதான் ரோமுலோ தாங்கினார். ஓரமாகப் போய் மூன்று வேளைச் சாப்பாட்டையும் ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்தார். அவள் ஓடிப்போய், மேட்டு மூச்சுமுட்டலுக்கு இங்கே கொடுக்கிற கோகா இலைத் தேநீர் வாங்கி வந்து கொடுத்தாள்.

"விமானம் ஆறு மணிக்குத்தானே? நானே கொண்டுவந்து விடுறேன்."

அவர் தேநீரை உறிஞ்சினார். சதுக்கம் நிரம்பிக்கொண்டே வந்தது. ஜனவரி இருபத்து நான்கு, அலசிதாஸ் திருவிழா. கைக்குள் அடங்கும் வீடு, கார், பட்டச் சான்றிதழ், அரிசி மூட்டை. எதை விரும்புகிறோமோ அதன் பொம்மையை நண்பகல் மணி அடிக்கையில் வாங்கிச் சாம்பிராணிப் புகையில் காட்டினால், வருஷத்துக்குள் நிஜமாகவே கிடைத்துவிடும். ஊரே வாட்சைப் பார்த்துக்கொண்டு முண்டியடித்தது.

"மணி என்ன?" என்றார் ரோமுலோ.

"பத்து நிமிஷம் இருக்கு. நீங்க எழுந்திரிக்காதீங்க."

"இவ்வளவு தூரம் வந்து வாந்தி மட்டும் எடுத்துட்டுப் போறதா? கையைக் குடுங்க."

அவள் தோளைப் பிடித்தபடி நான்கு அடி, ஒரு மூச்சு. நான்கு அடி, ஒரு மூச்சு. வீட்டுப் பொம்மைகள் இருந்த கடைக்கு முன் அவள் வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கடையில் ஒரு குட்டிப் பெட்டியை எடுத்து, பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தார், இயந்திரக்காரரின் புத்தி. பயணம் போக நினைப்பவர்கள் வாங்குகிற பெட்டி அது. செனோபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பியபோது பெட்டி கடையிலேயே இருந்தது. அவர் இரண்டு கடை தள்ளி, கம்பளிச் சாமான் விற்கிற பெண்ணிடம் குனிந்திருந்தார். ஒரு சாண் கட்டில்கள், கையகல மெத்தைகள்.

"போர்வை வேணும்மா. நல்ல கனமா. உங்க ஊரு குளிரு... எலும்பைத் தின்னுது."

"இருக்கு ஐயா. ஒத்தை ஆளுக்கா, ரெட்டைக் கட்டிலுக்கா?"

அதே நேரம் மணி அடிக்கத் தொடங்கியது. நாலாபக்கமும் கைகள் உயர்ந்தன, தணல் சட்டிகளிலிருந்து புகை கிளம்பியது, யாரோ வெடி கொளுத்தினார்கள். செனோபியா அவர் உதட்டையே பார்த்தாள். ரோமுலோ வாயைத் திறந்தார், பேச மூச்சில்லை. கடைக்காரி காதில் கை வைத்து, "என்ன ஐயா?" என்று கத்தினாள். கூட்டம் நெருக்கி அவரைப் பின்னுக்குத் தள்ளியது. புகைக்குள் முகம் மறைந்துவிட்டது. தலைகளுக்கு மேலே அவருடைய ஒரு கை மட்டும், இரண்டு விரல்களை நீட்டிக்கொண்டு, உயர்ந்து நின்றது.